எண்ணெய்க் கிணற்றுக் கருவிக்குக் காப்புரிமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் மண்ணில் எண்ணெய் வளம் கிடையாது. ஆனால் உலகக் கடல்களில் நிற்கும் ஜாக்-அப் ரிக்குகளில் (கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்கும் துளையிடும் மேடைகளில்) கணிசமானவை இங்குள்ள கப்பல் பட்டறைகளில் கட்டப்பட்டவை. அங்கு உழைக்கும் தமிழர்களிடம் வால்வு, சீல், குழாய் இணைப்பு பற்றி நல்ல யோசனைகள் நிறைய உண்டு. அவை கைநழுவிப் போவதற்குத் தொழில்நுட்பக் குறை காரணமாக இருப்பது அபூர்வம்.

பெரிய தவறு, விண்ணப்பிக்கும் முன்பே வெளியே சொல்லிவிடுவது. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க்காகத் துளையிட்டபோது மண் சரிந்து தண்ணீர் புகுந்தது. இரும்புக் குழாயைப் பாறை வரை அடித்து இறக்கி, அதற்குள் துளையிட்டு 69.5 அடியில் எண்ணெயைக் கண்டார். அந்த முறைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. மற்றவர்கள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். வறுமையில் வாடிய அவருக்கு 1873இல் மாநில அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை வழங்கியது. மாறாக, கிணறு பீறிடுவதைத் தடுக்கும் அடைப்புக் கருவியை உருவாக்கிய அமெரிக்கர்கள் ஏபர்கிராம்பியும் கேமரனும் 1922இல் விண்ணப்பித்து, 1926இல் காப்புரிமை பெற்றார்கள்.

இன்று கண்காட்சியில் மாதிரியை வைக்கிறோம், லிங்க்ட்இன்னில் படம் போடுகிறோம், ரகசியக் காப்பு ஒப்பந்தம் இல்லாமலே வரைபடத்தை அனுப்புகிறோம். கண்டுபிடித்தவரே வெளியிட்டால் அதன் பிறகும் விண்ணப்பிக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் 12 மாதச் சலுகைக் காலம் தருகிறது. அதை நம்பி இருக்காதீர்கள். வடகடல் எண்ணெய் வயல்களை வைத்திருக்கும் பிரிட்டனிலும் நார்வேயிலும் அப்படிப்பட்ட பொதுவான சலுகை இல்லை. முக்கியமான அந்தச் சந்தைகளில் உங்கள் உரிமை போய்விடும்.

இன்னொன்று நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. செலவு குறைவு என்று நேராகச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிப்பது குற்றமாகலாம். சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, இங்கு வசிப்பவர் வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். அல்லது முதலில் இங்கே விண்ணப்பித்து, தடை எதுவும் வராத நிலையில் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் அனுமதி அட்டையில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியரும் இதில் அடக்கம். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அறிவுசார் சொத்து அலுவலகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்பது எவ்வளவோ மேல்.

விண்ணப்பத்தில் கருவியை விளக்கும் விவரக் குறிப்பை மெலிதாக எழுதுவதும் ஆபத்து. விண்ணப்பித்த பிறகு புதிய விவரம் எதையும் அதில் சேர்க்க முடியாது. பட்டறை மேசையில் வேலை செய்வது கிணற்றின் அடியில் வேலை செய்யாது. 2010இல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் ரிக் விபத்தில் துளையிடும் குழாய் வளைந்து மையத்தை விட்டு விலகியதால், அதை வெட்டி அடைக்க வேண்டிய அடைப்புக் கருவியின் கத்திகளால் கிணற்றை மூட முடியவில்லை. 11 பேர் இறந்தார்கள். ஆகவே அழுத்தம், வெப்பநிலை, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு, மையம் விலகிய நிலை என எந்தெந்தச் சூழலில் கருவி எப்படி இயங்கும் என்பதையும், மாற்று வடிவங்களையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

“வீட்டில் யோசித்தேன், அதனால் என்னுடையது” என்ற நம்பிக்கையும் தவறு. யோசித்த இடத்தைவிட உங்கள் வேலை என்ன என்பதே முக்கியம். வழக்கமான கடமையின் பகுதியாகப் பிறந்த, அந்தக் கடமையிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய கண்டுபிடிப்பு முதலாளிக்குச் சேரும். ஆனால் எல்லாமே நிறுவனத்துக்குத்தான் என்று வாய்மூடி இருக்கவும் வேண்டாம். கடமைக்கு வெளியே உருவானது உங்களுடையதாக இருக்கலாம். வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சந்தேகமிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே நிறுவனத்திடம் உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.