விழாக்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் ஜூம் லென்ஸ் தேர்ந்தெடுக்கும் முறை

வீடியோவுக்கு லென்ஸ் வாங்க முனைபவர்களில் பலர் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் லென்ஸ் நல்லது என்பதைத்தான். படப்பிடிப்பில் நாம் எங்கே நிற்கப்போகிறோம், அங்கிருந்து ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருப்பார்கள் என்பது தெரியாத வரை அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

படி 1: தூரத்தைக் கணக்கிடுங்கள்

ஒளியைப் படமாக மாற்றும் சென்சார், ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய வகையில் 36 மி.மீ. அகலம் கொண்டது. ஆள் இருக்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தொலைவால் (லென்ஸின் மேல் மி.மீ.-இல் எழுதியிருக்கும் எண்) வகுத்தால், ஃபிரேமுக்குள் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். திருமண மண்டபத்தில் மணமேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால், 70 மி.மீ.-இல் சுமார் 5 மீட்டர் அகலம், அதாவது மேடையின் பெரும்பகுதி தெரியும், 200 மி.மீ.-இல் 1.8 மீட்டர்தான் என்பதால் மணமக்கள் இருவர் மட்டும் அடங்குவர். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் உள்ள கேமரா வைத்திருப்பவர்கள் 36-க்குப் பதிலாக 23.5 (கேனன் என்றால் 22.3) என்று போட்டுக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்தில் உறவினர்கள் எழுந்து நின்று மறைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போது 200 மி.மீ. எதற்கும் உதவாது, மேடையேறி 24 மி.மீ.-க்கு வர வேண்டியதுதான்.

படி 2: ஜூம் செய்தாலும் மாறாத அபெர்ச்சரைத் தேடுங்கள்

லென்ஸுக்குள் ஒளி நுழையும் திறப்பே அபெர்ச்சர். அதைக் குறிக்கும் எஃப் எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது, ஒளியும் அதிகம். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18-55 மி.மீ. லென்ஸ்களில் பெரும்பாலானவை எஃப்/3.5-இல் தொடங்கி, முழுவதும் ஜூம் செய்ததும் எஃப்/5.6-க்கு இறங்கிவிடுவதால், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் இருண்டுவிடும். எஃப்/2.8 அல்லது எஃப்/4 என்று ஒரே எண் எழுதப்பட்ட லென்ஸில் இத்தொல்லை இராது. இவ்விரண்டில் எஃப்/2.8 இரு மடங்கு ஒளியை உள்ளே விடும். நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 நொடி ஷட்டர் என்று வைத்திருக்கையில், எஃப்/4-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 6400 கேட்கும் அரங்கில் எஃப்/2.8-இல் 3200 போதும்.

எனினும் ஆவணப்படத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், 24-70 எஃப்/2.8-ஐ விட 24-105 எஃப்/4-ஐயே நான் பரிந்துரைப்பேன். பேசிக்கொண்டிருப்பவரின் முகம் மாறும் தருணத்தில் லென்ஸைக் கழற்றி மாட்ட நேரம் இருக்காது. இருட்டுக்கு ஒரு சிறு விளக்கைக் கொண்டு ஈடுகட்டலாம். விளக்கு வைக்க அனுமதியில்லாத உள்ளரங்க விழாக்களையே பெரும்பாலும் எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் எஃப்/2.8-க்கே போகலாம். கேனன் 2023-இல் அறிவித்த 24-105 எஃப்/2.8 லென்ஸ் இரு தேவைகளையும் நிறைவேற்றுகிறது. ஆனால் எடை 1,330 கிராம், விலையும் புதியவர்களுக்கு எட்டாதது.

படி 3: கடையிலேயே ஃபோகஸைச் சோதியுங்கள்

புகைப்படத்துக்காகச் செய்யப்பட்ட ஜூம் லென்ஸ்களில் பல, ஜூம் மாறும்போது ஃபோகஸையும் நழுவவிடுகின்றன. தூரத்தில் உள்ள பெயர்ப்பலகையை முழுவதும் ஜூம் செய்து ஃபோகஸ் பிடித்து, ஃபோகஸை மேனுவலுக்கு (கையால் இயக்கும் முறைக்கு) மாற்றி, பதிவு செய்தபடியே ஜூமை மெதுவாக விரித்துப் பின் மீண்டும் முழுவதும் ஜூம் செய்யுங்கள். பதிவைப் பெரிய திரையில் பாருங்கள். எழுத்துகள் மங்கினால், நேரலை நிகழ்ச்சிகளுக்கு அந்த லென்ஸ் ஏற்றதன்று. அருகிலுள்ள பொருளிலிருந்து தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸை மாற்றும்போது ஃபிரேம் விரிந்து சுருங்குகிறதா என்பதையும் அப்படியே கவனித்துவிடலாம்.

படி 4: கிம்பலும் ஃபில்டரும்

ஜூம் செய்கையில் நீளும் லென்ஸ், கிம்பலின் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவியின்) சமநிலையைக் குலைக்கும். நீளாத வகை கிடைத்தால் அதையே எடுங்கள். வெளிப்புறத்திலும் வேலை உண்டென்றால் என்டி ஃபில்டருக்கும் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) பணம் ஒதுக்குங்கள். உச்சி வெயிலில் 1/50 ஷட்டருடன் எஃப்/2.8-இல் எடுக்க, ஐஎஸ்ஓ 100-இல்கூட ஆறு ஸ்டாப் ஒளியைக் குறைத்தாக வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது). உங்கள் லென்ஸ்களில் பெரியதன் வாய் 82 மி.மீ. என்றால் அந்த அளவிலேயே ஒரு ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய வாயில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் பொருத்திக்கொள்ளலாம்.