மகளுக்கு ஹார்மோன் மாத்திரை: நாள் தவறாமல் போட வைக்க நாங்கள் செய்தது

என் மகளுக்கு 16 வயதில் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. டாக்டர் எழுதிய 21 மாத்திரை அட்டையைப் பார்த்த மருந்துக் கடைக்காரர், "இது கர்ப்பத்தடை மாத்திரைம்மா" என்றார். எனக்குப் பகீரென்றது. கர்ப்பத்தடைக்குத் தருவதும் இதே மாத்திரைதான். அதையே மாதவிலக்கைச் சீராக்க, அதிக உதிரப்போக்கைக் குறைக்க, பருவுக்கு என்றும் கொடுக்கிறார்கள். எதற்காகப் போட்டாலும் விட்டுவிட்டுப் போட்டால் பலன் குறையும், நடுவில் திட்டுத் திட்டாக உதிரம் படும்.

கீழே சொல்வது இரண்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின்) கலந்த மாத்திரைக்கு மட்டும்.

படி 1: தொடங்கும் முன்
கண்ணில் மின்னல் அடிக்கும் ஒற்றைத் தலைவலி, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு, வலிப்பு மாத்திரை, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 2: நேரம்
காலையில் ஸ்கூல் வேன் அவசரத்தில் எதுவும் நடக்காது. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தோம், குமட்டலும் குறைந்தது. தினமும் படுக்கும் முன் ஜடையைப் பிரித்துப் பின்னுவாள், அதனால் அட்டையைச் சீப்பு டப்பாவில் போட்டோம். போன் அலாரத்துக்கு அவளே வைத்த பெயர் "ஃபிசிக்ஸ் நோட்". பக்கத்தில் யார் இருந்தாலும் கவலையில்லை.

படி 3: அட்டையில் கிழமை
கிழமை அச்சிடாத அட்டை என்றால் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் தி, செ, பு என்று எழுதுங்கள். "நேத்து போட்டேனா?" என்ற குழப்பமே வராது.

படி 4: ஏழு நாள் இடைவெளி
கோட்டை விட்டது இங்கேதான். 21 முடிந்ததும் 7 நாள் நிறுத்த வேண்டும், அப்போது உதிரம் வரும். அது நிற்கட்டும் என்று காத்திருந்து மூன்று நாள் தாமதமாகத் தொடங்கினோம். தவறு! உதிரம் நின்றாலும் நிற்காவிட்டாலும் எட்டாம் நாள் புது அட்டை. முதல் அட்டையை வியாழன் தொடங்கினால் அடுத்ததும் வியாழன்தான். கடைசி வரிசை வந்ததுமே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் தரும் மாலா-என் 28 மாத்திரை கொண்டது. அதில் 7 இரும்புச்சத்து மாத்திரை, ஆகவே இடைவெளியே கிடையாது.

படி 5: மறந்துவிட்டால்
ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போட வேண்டும், அன்றைய மாத்திரை வழக்கமான நேரத்தில். ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டால் கடைசியாக விட்டதை மட்டும் போட்டுத் தொடரலாம், மற்றவற்றை விட்டுவிடுங்கள். கர்ப்பத்தடைக்காகப் போடுபவர் என்றால் அடுத்த 7 நாள் ஆணுறை கட்டாயம். விட்டது மூன்றாம் வாரத்தில் என்றால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். முதல் வாரத்தில் விட்டு, உறவும் நடந்திருந்தால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று.

பால்வினை நோயை இந்த மாத்திரை தடுக்காது. அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

படி 6: போலீஸ் வேலை வேண்டாம்
முதல் மாதம் தினமும் "போட்டியா?" என்று கேட்டேன். போடாமலே "போட்டாச்சு" என்றாள். பிறகு ஞாயிறு ஒருநாள் மட்டும் அட்டையை இருவரும் சேர்ந்து எண்ணுவதாக ஒப்பந்தம். விட்டதை அவளாகவே சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதல் இரண்டு மூன்று மாதம் லேசான குமட்டல், உதிரத் திட்டு இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதுவரை வராத கடும் தலைவலி, பார்வை மங்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.