அணைச் செய்தியைப் பகிரும்போது

கம்பம், குமுளிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் முல்லைப் பெரியாறு செய்தி விழுந்தால் கும்பிடு பொம்மை பத்து வரும், பேச்சு வராது. வெறும் லிங்கைப் போடுவதுதான் காரணம்.

லிங்குக்கு மேலே மூன்று வரி எழுதுங்கள்: செய்தி என்ன சொல்கிறது, என்ன தேதி, உங்களுக்கு எங்கே இடிக்கிறது. தேதி முக்கியம், மழை பிடித்தாலே பழைய வெள்ளச் செய்தியெல்லாம் புதுசாகக் கிளம்பிவிடும். நீர்மட்ட அளவையும் சேர்த்துவிடுங்கள். ‘அணை நிரம்புது’ என்றால் பீதிதான் மிஞ்சும். ‘இன்று 136 அடி, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 142 வரை தேக்கலாம்’ என்றால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

‘என்ன நினைக்கிறீங்க?’ என்ற கேள்விக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘முதல் போக நாற்றுக்கு இந்தத் தண்ணி போதுமாண்ணே?’ என்று வயல் வைத்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் இருந்தால் அவரையும் இழுங்கள். அணைக்குக் கீழே இருக்கிற ஊர், பயம் வேறு மாதிரி இருக்கும்.

மலையாளச் செய்தியென்றால் சாரத்தைத் தமிழில் தாருங்கள். நாளுக்கு ஒன்று போதும். இரண்டாவது விழுந்ததும் முதல் பேச்சு அறுந்துவிடும். யாராவது அடுத்த மாநிலத்துக்காரர்களைப் பற்றி ‘அவங்க ஆளுங்களே இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் குழுவில் அதட்டாதீர்கள், தனியே சொல்லுங்கள்.