ஓர் ஏலக்காயும் உங்கள் மூக்கும்: வாசனை மூளைக்குப் போகும் வழி

முகர்வு மண்டலத்தை நான் முதலில் படித்தது அம்புக்குறிகள் நிறைந்த ஒரு படத்தை வைத்து. தேர்வு முடிந்ததும் அம்புகள் மட்டும்தான் நினைவில் நின்றன. நீங்கள் சமையலறைக்குப் போய் ஓர் ஏலக்காயும் கொஞ்சம் காப்பித்தூளும் எடுத்து வாருங்கள்.

படி 1: மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் விதைகள் நான்கைந்தை மெல்லுங்கள். லேசான கசப்பு, நாக்கில் சிறு குளிர்ச்சி, அவ்வளவுதான். இப்போது கையை எடுத்து, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். குப்பென்று மணம் எழும். வாயிலிருந்த மூலக்கூறுகள் தொண்டையின் பின்புறமாக ஏறி மூக்கின் கூரையைத் தொட்டுவிட்டன.

படி 2: இதற்குக் கைவேலை இல்லை, அந்தக் கூரையை மனத்தில் பார்த்தால் போதும். அங்கே மெல்லிய சளிப்படலம். அதில் நியூரான்களின் (நரம்பு செல்களின்) நுண்ணிய மயிரிழைகள் மிதக்கின்றன. ஏலக்காயின் சினியோல் மூலக்கூறு சளியில் கரைந்து, மயிரிழையிலுள்ள ஏற்பியில், அதாவது மணமூலக்கூறைப் பிடிக்கும் புரதத்தில், போய் உட்காருகிறது. உடனே செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது. அது அயனி வாயில்களைத் திறக்கிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே பாய, குளோரைடு வெளியேறுகிறது. வேதிப்பொருள் மின்குறியாக மாறிவிட்டது!

ஒரு நியூரானில் பொதுவாக ஒரே வகை ஏற்பிதான். எலிகளில் சுமார் 1,000 வகை, மனிதரில் ஏறத்தாழ 400. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 2004இல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

படி 3: ஒரு தாளில் வரிசையாகப் புள்ளி வையுங்கள். நியூரான்களின் மறுமுனையிலிருந்து கிளம்பும் நீண்ட இழைகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே மூளையின் முகர்வுக் குமிழுக்குள் நுழைகின்றன. ஒரே ஏற்பியுடையவை எங்கிருந்து வந்தாலும் குறிப்பிட்ட சில குளோமெருலஸ்களில் (குமிழுக்குள் உள்ள சிறு நரம்பு முடிச்சுகளில்) தான் கூடும். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குளோமெருலஸ். ஏலக்காய்க்கு நீங்கள் விரும்பிய சில புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோலம் போடுங்கள், காப்பிக்கு வேறொன்று. சில புள்ளிகள் இரண்டிலும் வரட்டும். 400 வகை ஏற்பியை வைத்துக்கொண்டு எண்ணற்ற மணங்களை நாம் பிரித்தறிவது இப்படித்தான். குளோமெருலஸில் அந்த இழைகள் விடும் குளுட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் மைட்ரல் செல்கள் என்ற நரம்பு செல்கள், பார்வைச் செய்தியைப் போல மூளையின் இடைநிலையமான தலாமஸில் நின்று போகாமல், நேராக மணத்தை உணரும் பைரிஃபார்ம் புறணிக்கும் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் செய்தி அனுப்புகின்றன.

படி 4: காப்பித்தூளை இரண்டு நிமிடம் விடாமல் முகருங்கள். மணம் மங்கிக்கொண்டே வரும். உடனே ஏலக்காயை முகர்ந்தால் அது பளிச்சென்றிருக்கும். படி 2இல் நியூரானுக்குள் புகுந்த கால்சியமே கால்மாடுலின் புரதத்தோடு சேர்ந்து அயனி வாயில்களை மந்தமாக்குகிறது. மீதி மங்கல் மூளையின் வேலை.

சளி பிடித்த நாளில் இதைத் தொடங்காதீர்கள். முதல் படியைத் தாண்ட மாட்டீர்கள்.