பையர் வீட்டுத் துக்கம்: யூதக் குடும்பத்தில் விசாரிக்கும் முறை

திருப்பூர், கரூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு யூத பையர்கள் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு வியாபாரிகள்) புதிதல்ல. அவர்கள் வீட்டில் சாவு என்றதும் நம் ஆட்கள் மாலைக்கு ஆர்டர் கொடுப்பார்கள். வேண்டாம், யூத மரபில் துக்கத்துக்குப் பூ வழக்கமில்லை. அந்தப் பணத்தைக் குடும்பம் சொல்லும் தர்மக் காரியத்துக்கு அனுப்புங்கள். 18, 36, 54 என்று பதினெட்டின் மடங்காகக் கொடுப்பது அவர்கள் பழக்கம்.

அடக்கம் கூடுமானவரை சீக்கிரமே முடிந்துவிடும். நாம் போய்ச் சேர முடிவது அதன் பின் வரும் ஏழு நாள் துக்கமான ஷிவாவுக்குத்தான். அடக்க நாளே முதல் நாள்: செவ்வாயன்று அடக்கம் என்றால் திங்கள் காலையோடு சரி. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள், விசாரிக்கப் போகக்கூடாது. ஞாயிறு பகல் தோதுப்படும். நடுவில் பெஸாக் போன்ற பெரிய பண்டிகை வந்தால் ஷிவா அத்தோடு முடிந்துவிடும்.

உள்ளே கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள். துக்கக்காரர் தாழ்ந்த ஸ்டூலில், சட்டையின் இடது நெஞ்சுப் பக்கம் கிழிந்திருக்க உட்கார்ந்திருப்பார். தாய் தகப்பனுக்காக வேண்டுமென்றே கிழித்தது அது. வணக்கம் சொல்லாமல் உட்காருங்கள். அவர் வாயைத் திறக்கும்வரை பேச்செடுக்க வேண்டாம். வீட்டில் சமைத்ததை, சைவமே ஆனாலும், எடுத்துப் போகாதீர்கள். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி ஆனது என்ற முத்திரையுள்ள கடைச் சாப்பாடுதான் செல்லும்.

தப்பு நடப்பது பேச்சில்தான். "சொர்க்கத்துக்குப் போயிட்டார்", "மறுபடியும் பிறந்து வருவார்" என்று ஆறுதல் சொல்லிவிடுவோம். யூதர்களிடம் இதற்கு ஒரே பதில் கிடையாது. பழைய வேதத்தில் இறந்தவர்கள் போகுமிடம் ஷியோல் என்ற பாதாளம். பின்னால் வந்த யூதப் பிரிவுகளில், உடல் உயிர்த்தெழும் என்றார்கள் பரிசேயர். இல்லவே இல்லை என்றார்கள் சதுசேயர். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் உயிர்த்தெழுதலைத் தன் 13 கோட்பாடுகளில் கடைசியாக வைத்தார். கபாலா என்ற யூத மறைஞான மரபினர் மறுபிறவியையும் ஏற்கிறார்கள். எதையும் நம்பாதவர்களும் உண்டு. எனவே போன இடத்தை விட்டுவிட்டு, இறந்தவர் வாழ்ந்த விதத்தைக் கேளுங்கள். "எரிச்சாச்சா?" என்றும் கேட்காதீர்கள், மரபுப்படி புதைப்பதுதான்.

பெற்றோருக்காக மகன் கதீஷ் என்ற துதியை 11 மாதம் சொல்வார். ஏன் 12 இல்லை? கெஹின்னோம் என்ற நரகத்தில் பொல்லாதவர்களுக்குத் தீர்ப்பு 12 மாதம் என்பது மரபு. முழுதும் சொன்னால் தன் தகப்பனைப் பொல்லாதவர் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கதீஷுக்கு யூதர்கள் பத்துப் பேர் கூடவேண்டும். கோயமுத்தூரில் அது எளிதல்ல. ஆகவே அந்த மாதங்களில் சாம்பிள் பார்க்க வரச்சொல்லி நெருக்காதீர்கள். வந்தாலும் மேளதாளக் கல்யாணத்துக்கு இழுக்க வேண்டாம். பெற்றோரை இழந்தவர்கள் 12 மாதம் அதைத் தவிர்ப்பார்கள்.

வருஷ நினைவுநாள், நம் திதி போல, அவர்கள் காலண்டர்படி வரும். ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே போகும். இறந்த நாளைத்தான் கணக்கில் எடுப்பது, அடக்க நாளை அல்ல. சூரியன் மறைந்தபின் இறந்திருந்தால் மறுநாள் கணக்கு. 24 மணி நேர மெழுகுவத்தியை முந்தின மாலையே ஏற்றிவிடுவார்கள், உங்கள் செய்தியும் அதற்கு முன்னால் போய்ச் சேரட்டும்.