பாவநிவாரண நாளுக்கு முந்தைய நாற்பது நாட்கள்: வீட்டில் கடைப்பிடிப்பது எப்படி?

எபிரெயக் காலண்டரின்படி எலூல் மாதத்தைக் கடைப்பிடிக்க ஆசைப்படும் கிறிஸ்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் காயப்படுத்திய மனிதர்களின் பெயரை எழுதுங்கள். எக்காளம், உபவாசம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரம்பூரில் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை மாலை கூடும் சின்ன ஜெபக்கூட்டத்தில் இந்தப் பழக்கத்தைப் பல வருடங்களாகச் செய்துவருகிறோம். பெயர் எழுதாமல் தொடங்கியவர்களுக்கு அந்த மாதம் வேதபாடமாகவே முடிந்துபோவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எலூல் என்ற பெயர் நம் பைபிளில் ஒரே இடத்தில் வருகிறது. நெகேமியா 6:15இல், எருசலேமின் அலங்கம் 52 நாளில் கட்டப்பட்டு எலூல் 25ஆம் தேதி முடிந்தது. எபிரெய மாத வரிசையில் முதலாவதான நிசானிலிருந்து எண்ணினால் அது ஆறாம் மாதம், 29 நாள். அதற்கடுத்த திஷ்ரி மாதத்தின் முதல் நாள் எக்காளப் பண்டிகை, பத்தாம் நாள் பாவநிவாரண நாள், பதினைந்தாம் நாள் கூடாரப் பண்டிகை. லேவியராகமம் 23இல் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. பொன் கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பிறகு மோசே மறுபடியும் மலையேறி, நாற்பது நாள் கழித்து இரண்டாவது கற்பலகைகளோடு பாவநிவாரண நாளில் இறங்கினார் என்பது யூதர்களின் பாரம்பரியம். அதனால் அந்த நாற்பது நாளும் அவர்களுக்கு மனந்திரும்புதலின் காலம்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு? நாம் கிருபையின் கீழ் இருக்கிறோமே" என்று சபைப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொலோசெயர் 2:16-17ஐ அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். பண்டிகை நாளையும் மாதப்பிறப்பையும் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்கிறார் பவுல். கடைப்பிடிக்காதவரை நாமும் குற்றப்படுத்தக் கூடாது என்பதும் அதில் அடங்கும். இரட்சிப்புக்காக இதைச் செய்யவில்லை. லெந்து நாட்களை எப்படி ஆயத்தத்துக்காக வைத்திருக்கிறோமோ அதே எண்ணத்தில்தான் இதையும் வைக்கிறோம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது யூதர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்வது. அவர்களுடைய ஜெபச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர்களைப் போல நடிக்க நமக்கு உரிமை இல்லை. சென்னைக்கு அவர்கள் அந்நியரும் இல்லை. நான் கணக்கு எழுதும் கடை மண்ணடியில் இருக்கிறது, பக்கத்திலேயே பவளக்காரத் தெரு. பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்கள் அந்தப் பக்கம் வாழ்ந்தார்கள். 1688இல் மாநகராட்சி தொடங்கியபோது அதன் நகரமன்ற உறுப்பினர்களான ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். லாயிட்ஸ் சாலையில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் உண்டு.

சரி, தேதிக்கு வருவோம். எபிரெய மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கிறது, நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அதனால் நம் வீட்டு தினசரி காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். 2026இல் ஆடி அமாவாசையான ஆகஸ்ட் 12 புதன்கிழமை மாலையில், எலூலுக்கு முந்தைய ஆப் மாதத்தின் 30ஆம் நாள் தொடங்குகிறது. யூதர்கள் அதையும் எலூலின் மாதப்பிறப்பாகவே கொள்கிறார்கள். அந்த ஒரு நாள், எலூலின் 29 நாள், திஷ்ரியின் 10 நாள் சேர்ந்தால் நாற்பது. செப்டம்பர் 11 மாலை எக்காளப் பண்டிகை. செப்டம்பர் 20 ஞாயிறு மாலையிலிருந்து 21 திங்கள் மாலைவரை பாவநிவாரண நாள். கிறிஸ்தவ வீட்டில் அமாவாசை பார்ப்பதா என்று என் மாமியார் தயங்கியபோது சங்கீதம் 104:19ஐக் காட்டினேன்: "சந்திரனைக் காலக்குறிப்புகளுக்காகப் படைத்தார்." அன்றிலிருந்து தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போடுவது அவர்கள்தான்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். யூதர்களில் பலர் இந்த நாட்களில் தினந்தோறும் 27ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வசனம், சத்தமாக வாசித்தாலும் சில நிமிடம்தான். "கர்த்தர் என் வெளிச்சமும் என் இரட்சிப்புமானவர், யாருக்குப் பயப்படுவேன்?" என்று தைரியமாகத் தொடங்கி, "கர்த்தருக்கே காத்திரு" என்று முடிகிறது. நான் பீச் ரயிலில் நின்றுகொண்டே மனப்பாடமாகச் சொல்வேன். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும், பிள்ளைகளைப் படிக்க உட்காரவைத்தே மாலை போய்விடும். ஆகவே இதற்குமேல் வாசிப்புத் திட்டம் எதுவும் போடாதீர்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்துபோகிறவர்களும் 2026இல் இதே நாட்களில்தான் நடப்பார்கள், ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. கத்தோலிக்க நண்பர்கள் இரண்டையும் சேர்த்தே ஆயத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த நோட்டு. பாவநிவாரண நாள் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலுள்ள பாவத்துக்குத்தான். அடுத்தவருக்குச் செய்த குற்றத்துக்கு, அவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் நிவாரணம் தராது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு மத்தேயு 5இல் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வசனத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! தேதி குறித்து அதைச் செய்யவைப்பதுதான் எலூல்.

பெயருக்குப் பக்கத்தில் விஷயத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "அண்ணி, கல்யாண வீட்டில் சொன்ன வார்த்தை." "மாடி வீட்டு அக்கா, திருப்பித் தராத கைமாத்து." பணம் என்றால் பணத்தைக் கொடுங்கள், முழுதும் முடியாவிட்டால் பாதியாவது. ஜெபம் அந்தக் கடனை அடைக்காது. வார்த்தை என்றால் நேரில் போங்கள். வெளியூர் என்றால் போன் செய்யுங்கள். "தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்" என்று வாட்ஸப் குரூப்பில் போடும் செய்தி யாருக்கும் போய்ச் சேராது. என்ன செய்தீர்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "அண்ணி, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்க பிள்ளையப் பத்தி அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்" என்று வாயைத் திறந்தால் போன காரியம் கெட்டது.

மன்னிக்க மறுத்தால்? பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். மூன்று முறை போய்க் கேள், துணைக்கு ஆட்களையும் அழைத்துக்கொண்டு போ, அதற்குமேல் பொறுப்பு அவருடையது. ஆனால் அவர் உன் ஆசிரியராக இருந்தால் ஆயிரம் முறையானாலும் போ. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா, அப்பா வீட்டுப் பத்திர விஷயத்தில் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருந்தார். முதல் தடவை போனபோது தம்பி கதவருகிலேயே நின்றார். இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். "சரிக்கா, போயிட்டு வா" என்றார், அவ்வளவுதான். பத்திரம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு இரண்டு வீட்டுக்கும் இடையில் பலகாரத் தட்டு போய்வந்தது.

இறந்துபோனவர் விஷயம் கடினம். மைமோனிடிஸ் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் அறிக்கையிடச் சொல்கிறார். இறந்தவரோடு பேசுவதை நம் சபைகளில் பலர் ஏற்கமாட்டார்கள், நானும் செய்வதில்லை. கர்த்தரிடம் அறிக்கையிட்டுவிட்டு, அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள். கடன் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.

யூதர்களின் புத்தாண்டுமான எக்காளப் பண்டிகையின் மாலையில் யோவேல் 2ஐக் குடும்பமாக வாசித்தால் போதும். ஊதுவதற்குக் கொம்பு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. "எபிரெயப் புத்தாண்டு ஆசீர்வாதம், விதைக் காணிக்கை அனுப்புங்கள்" என்று அந்த வாரம் செய்தி வரும். அனுப்பாதீர்கள். லேவியராகமத்தில் அப்படி ஒரு கட்டளை இல்லை. அந்தப் பணத்தை நோட்டில் உள்ள கடனுக்குக் கொடுங்கள்.

பாவநிவாரண நாளில் யூதர்கள் சுமார் 25 மணி நேரம் தண்ணீரும் குடிப்பதில்லை. சென்னை வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் அதை அப்படியே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடத்தான் வேண்டும். முடிந்தால் திங்கட்கிழமை லீவு போடுங்கள். காலையில் லேவியராகமம் 16, அதன்பின் எபிரெயர் 9. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைப் பற்றி வாசித்த கையோடு, கிறிஸ்து தம் சொந்த இரத்தத்தோடு ஒரேதரம் பிரவேசித்தார் என்று வாசிக்கும்போது, வருடத்தில் வேறெந்த நாளிலும் வராத நன்றி எனக்குப் பொங்கும். மதியத்துக்குமேல் யூதர்கள் ஜெப ஆலயத்தில் யோனாவை வாசிக்கிறார்கள். நான்கே அதிகாரம், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் சேர்ந்து வாசிக்கலாம். ஆறு மணிக்குமேல் பொழுது சாய்ந்ததும் கஞ்சியும் துவையலுமாக உபவாசத்தை முடியுங்கள்.

நோட்டில் பெயர் மிச்சம் இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளாமல், செப்டம்பர் 25 மாலை தொடங்கும் கூடாரப் பண்டிகை வாரத்தில் அவர்களையே மாடிக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். நான்கு தென்னங்கீற்று போதும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கும். 5787 என்ற அந்த எபிரெய வருடத்தில் ஆதார் என்ற எபிரெய மாதம் இரண்டு முறை வருவதால், 2027இல் எலூல் ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளி, செப்டம்பர் 2 மாலைதான் பிறக்கும். புதுக் காலண்டர் வந்ததும் குறித்துவையுங்கள்.