ஃபோஜேர் ஆர்கானிக் சிவப்பு ஒயின்: நாற்றம் அடித்தால் உடனே கொட்டிவிடாதீர்கள்

ஃபோஜேர், தெற்குப் பிரான்சில் பெஸியே நகருக்கு வடக்கே உள்ள படலப்பாறை மலைச்சரிவு. அங்கே சிரா, கிரனாஷ், கரிஞான், மூர்வேத்ர் திராட்சைகளைக் கலந்து சிவப்பு ஒயின் செய்கிறார்கள். சிறு தோட்டத்து ஆர்கானிக் பாட்டில் கிடைத்தால் பரிமாறும் முறை இது.

1. லேபிளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் அடையாளமான பச்சை இலை முத்திரை வேண்டும். ஆர்கானிக் என்றால் சல்ஃபைட்டே (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) கிடையாது என்பது தவறு. இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மி.கி. வரை இருக்கலாம், சாதாரண ஒயினுக்கு வரம்பு 150.

2. முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கும். குடிக்க ஏற்ற சூடு 16–17 டிகிரி. அறை 30 டிகிரியில் கொதித்தால், பாதி ஐஸ் பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் 12–15 நிமிடம் போதும். ஐஸை மட்டும் கொட்டினால் குளிர நேரம் பிடிக்கும்.

3. கார்க் எடுக்க, இரண்டு படி நெம்புகோல் உள்ள மடக்குத் திருகியே நல்லது. இரண்டு கை தூக்கும் ரகத்தில் திருகு தடிமனாக இருந்தால் பழைய கார்க்கைப் பொடியாக்கிவிடும்.

4. முகருங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாடை வந்தால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதன் உறவுகளும்தான். திராட்சைக் கொடியைத் தாக்கும் பூஞ்சையான சாம்பல் நோய்க்கு ஆர்கானிக் தோட்டக்காரர்கள் கந்தகத்தூள் அடிப்பார்கள். அறுவடைக்கு நெருக்கத்தில் அடித்தது பழத்தில் தங்கினால், நொதிக்கும்போது ஈஸ்ட் அதை இந்த வாயுவாக மாற்றிவிடும். சத்து குறைந்த சாற்றிலும் இது வரும். சிரா இதற்குப் பேர் போனது.

கண்ணாடிக் கூஜாவில் உயரத்திலிருந்து ஊற்றி, சுழற்றி, 30–60 நிமிடம் விடுங்கள். இன்னும் போகவில்லையா? ஒரு கிளாஸில் மட்டும், நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கம்பியால் சில நொடி கலக்கிப் பாருங்கள். வாடை மறைந்தால் காரணம் அதுவே. மீதிக்கு இன்னும் காற்று காட்டுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ, வினிகரோ நெயில் பாலிஷோ போன்ற நெடியோ வந்தால் காற்று உதவாது. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

5. கூஜாவுக்கு மாற்றும்போது கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விடுங்கள். மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பின்சேர்க்கை: நாக்கில் லேசாகச் சுரீர் என்றால், சல்ஃபைட்டைக் குறைக்கத் தயாரிப்பாளர் விட்டுவைத்த கார்பன் டை ஆக்சைடாக இருக்கலாம், கூஜாவை நன்றாகக் குலுக்கினால் போய்விடும். கார்க்கில் ஒட்டிய படிகம் கண்ணாடித் தூள் இல்லை, டார்ட்டாரிக் அமில உப்பு.